கல் நடக்கும் சத்தம்

டான்யூப் ஆற்றில் 24 நாள் தனியாகத் துடுப்புப் போட்டுப் போகப்போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டாள்: "ஏன் எய்யா, வண்டிச்சத்தத்துக்குக் காசு இல்லையா?"

அம்பாசமுத்திரத்துக்காரிக்கு ஆறு என்றால் குளிக்கிற இடம், துணி அலசுகிற இடம். ஆற்று வழியாக ஊர்விட்டு ஊர் போவதெல்லாம் வெள்ளத்தில் அகப்பட்ட மாட்டுக்கு நடக்கிற காரியம். லீவு போட்டு, கைக்காசைச் செலவழித்து ஒருத்தன் அப்படிப் போவான் என்பதை அவளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. எனக்கே முழுசாக விளங்கியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆற்றங்கரையில் ஒரு படகு கிளப். மகளை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் தினமும் அதைத் தாண்டுவேன். ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தேன், ஐந்து வருஷமாக அங்கேயே கிடக்கிறேன். கிளப்பில் ஒரு பெரியவர் முழங்கால் வலி வந்து தன் பழைய கண்ணாடியிழைக் கயாக் படகை எனக்கு விற்றார். ஐந்து மீட்டர் நீளம், மஞ்சள் நிறம், அடிப்பக்கம் முழுக்கக் கீறல். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை சொன்னார். கதைகளுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

உல்மிலிருந்து ஹைன்புர்க் வரை, சுமார் 700 கிலோமீட்டர். ஹைன்புர்க் ஆஸ்திரியாவின் கிழக்குக் கோடி, அதைத் தாண்டினால் ஸ்லோவாக்கியா. டான்யூபில் தூரத்தை மேலேயிருந்து கீழே எண்ணுவதில்லை. கருங்கடலோரம் ருமேனியாவின் சுலினாவில்தான் பூஜ்யம். அங்கிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வருவார்கள். அதனால் கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உல்மில் 2,588க்குப் பக்கம், ஹைன்புர்க்கில் 1,884. எவ்வளவு வந்திருக்கிறாய் என்று அந்தப் பலகைகள் ஒருநாளும் சொல்லாது. இன்னும் எவ்வளவு பாக்கி என்றுதான் சொல்லும், கடன்காரன் மாதிரி.

ஆற்றுக்கென்றே பிறந்த ஊர் உல்ம். 18ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிப் பக்கம் நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த வட்டாரத்துச் சனங்கள் குடும்பம் குடும்பமாக இங்கிருந்துதான் படகேறினார்கள். தட்டையான பலகைப் படகு, நடுவில் ஒரு மரக்குடில். 'உல்மர் ஷாஹ்டெல்' என்று பெயர். ஷாஹ்டெல் என்றால் பெட்டி. கேலியாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. போய்ச் சேர்ந்த ஊரில் படகைப் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். எதிரோட்டத்தில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, திரும்பி வருகிற உத்தேசமும் இல்லை.

1932 மே மாதம் இன்னொருவர் கிளம்பினார். பெயர் ஓஸ்கர் ஷ்பெக். ஹாம்புர்க்கில் மின்சார வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் பிழைப்புப் போய்விட்டது. சைப்ரஸில் தாமிரச் சுரங்க வேலை கிடைக்கும் என்று நம்பி, மடக்குக் கயாக் ஒன்றில் உல்மிலிருந்து புறப்பட்டார். பாதியில் டான்யூபை விட்டு வார்தார் ஆற்றுக்கு மாறி மத்தியதரைக் கடலுக்கு இறங்கினார். சைப்ரஸ் வந்தது. மனுஷர் நிற்கவில்லை. யூப்ரடீஸ் ஆறு, பாரசீக வளைகுடா, பிறகு இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, திரும்ப நம் கிழக்குக் கரையோரமாகவே வடக்கே கல்கத்தா. அங்கிருந்து பர்மா, மலாயா, ஜாவா. 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாய்பாய் தீவில் போய்க் கரையேறியபோது இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டுக்காரன் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். போர் முடிந்தபின் அந்த நாட்டிலேயே ஓபல் கல் வியாபாரம் பார்த்துத் தங்கிவிட்டார்.

ஏழு வருஷம். நம் ஊர்க் கரையோரம் முழுக்க அந்த ஆள் துடுப்புப் போட்டுப் போயிருக்கிறார். அவர் விட்டுவந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் 24 நாள் லீவுக்கு மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஜூலை முதல் வாரம் ஒரு காலையில் படகை இறக்கினேன். பக்கத்தில்தான் ஆல்பிரெஹ்ட் பெர்ப்ளிங்கர் என்கிற தையற்காரர் 1811இல் இறக்கை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பறக்கக் குதித்து, நேரே தண்ணீரில் விழுந்த மதில். சகுனம் பார்க்கிறவன் நான் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் துடுப்புப் போட்டேன்.

நாலு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், முதல் அணை.

கிளம்புவதற்கு முன்பு வரைபடம் பார்த்தவன்தான். உல்முக்கும் ஹைன்புர்க்குக்கும் நடுவில் நீர்மின் அணைகள் சுமார் 30 என்பது எனக்குத் தெரியும். 30 என்பது தாளில் இருக்கும்போது ஒரு எண், அவ்வளவுதான். படகைக் கரைக்கு இழுத்து, பின்பக்கத்துப் பெட்டியில் கட்டிவைத்த சின்னத் தள்ளுவண்டியை அவிழ்த்து, சக்கரம் இரண்டையும் மாட்டி, 60 கிலோ பாரத்தை அதன்மேல் ஏற்றி வாரால் இறுக்கி, சரிவில் மேலே தள்ளி, அணையைச் சுற்றிக்கொண்டு நடந்து, மறுபக்கம் பாசி பிடித்த சரிவில் வண்டி நம்மை இழுத்துக்கொண்டு ஓடாமல் குதிகால் ஊன்றி இறக்கி, வாரை அவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, திரும்பக் கட்டிவைத்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும். அதன்பிறகு மூன்று மணி நேரம் அசையாத தண்ணீர். அதன்பிறகு அடுத்த அணை. முதல் வாரம் முழுக்க இதுதான். லைப்ஹைம், க்யுன்ஸ்புர்க், டில்லிங்கன், டோனாவ்வோர்த் என்று கடந்த ஊர்களெல்லாம் எனக்குச் சரிவுப்பாதைகளாகத்தான் ஞாபகம் இருக்கின்றன.

அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் பார்க்க அழகு. அன்னம் நீந்தும், அல்லி பூக்கும். ஆனால் துடுப்பை நிறுத்தினால் படகும் நின்றுவிடும். எதிர்க்காற்று வந்தால் பின்னால் போகும். நாலாம் நாள் மத்தியானம் துடுப்பை மடியில் போட்டுவிட்டு, ஆற்றில் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேனே, இதுவா ஆறு, குளம் குளமாக அடுக்கிவைத்த மாடிப்படிதானே இது என்று நினைத்தேன். அந்த நினைப்பு கடைசிவரை போகவில்லை. நான் தினம் வேலை பார்ப்பது டர்பைனுக்குத் தூரத்துச் சொந்தமான இயந்திரங்களோடுதான், அணைமேல் எனக்குப் பகை கிடையாது. தேங்கின தண்ணீருக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் ஒரே பெயர் வைத்து அழைக்கிறார்களே என்றுதான் எரிச்சல்.

அணைகளுக்கு நடுவில் தப்பிப் பிழைத்த துண்டுகள் சில உண்டு. முதலாவது வெல்டன்புர்க் மலையிடுக்கு. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழும்ப, ஆறு திடீரென்று ஒடுங்கி விரையும். பாறையில் பழைய இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. இழுத்துப்போகக் கரைவழி இல்லாத இடம் என்பதால், எதிரோட்டத்தில் வந்த படகோட்டிகள் கொக்கியை வளையத்தில் மாட்டி மாட்டிப் படகை மேலே இழுப்பார்களாம். இடுக்கின் வாசலில் மடம், மடத்துக்குள் 1050 முதல் பீர் வடிக்கிற ஆலை. காலை பத்து மணி என்பதால் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டேன்.

இடுக்கைத் தாண்டினால் கெல்ஹைம். 1992இல் முடிந்த மைன்-டான்யூப் கால்வாய் அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து கீழே சரக்குக் கப்பல், சொகுசுக் கப்பல் எல்லாம் கூட வரும். கயாக்குக்கு ஒரே சட்டம்: கப்பலுக்கு வழி விடு.

ரேகன்ஸ்புர்க்கில் நான் கவிழ்ந்தேன். அங்கே 12ஆம் நூற்றாண்டுக் கற்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் தூண்கள் ஒவ்வொன்றும் கப்பல் வடிவத்துக் கல்மேடைமேல் நிற்கின்றன. ஆற்றின் அகலத்தில் பாதியை அந்த மேடைகளே அடைத்துக்கொள்ள, மிச்சத் தண்ணீர் வளைவுகளுக்குள் நெருக்கியடித்துப் புகுந்து, அந்தப் பக்கம் சுழியும் கொதிப்புமாக வெளியே வரும். படகை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து கடந்திருக்க வேண்டும். கிளப்பில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு வாரம் குளத்தில் துழாவிய கைக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டதும் புத்தி கெட்டுவிட்டது. வளைவுக்குள் நேராகத்தான் போனேன். வெளியே வந்ததும் மூக்கை ஒரு சுழி இடப்பக்கம் இழுத்தது, வாலை இன்னொன்று வலப்பக்கம் இழுத்தது. அடுத்த நொடி காதுக்குள் தண்ணீர். படகைப் பிடித்தபடி மிதந்து, அரைக் கிலோமீட்டர் கீழே ஒரு படித்துறையில் ஒதுங்கினேன். பாலத்தின்மேல் நின்ற சுற்றுலாக் கூட்டம் கை தட்டியது. உலகத்தில் எத்தனை போன்களில் அந்த வீடியோ இருக்கிறதோ. தொப்பி போச்சு. வலது முழங்கையில் தோல் போச்சு. தண்ணீர் புகாத பைக்குள் வைத்திருந்ததால் புளிக்காய்ச்சல் தப்பித்தது.

ஷ்ட்ராவ்பிங் அணைக்குக் கீழே ஃபில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டருக்கு அணையே கிடையாது. கட்டத்தான் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். கப்பல் தட்டாமல் போக ஆழம் போதவில்லை என்று ஒரு கட்சி, இருக்கிறதில் கடைசியாக மிஞ்சியது இதுதான் என்று மறு கட்சி. 2013இல் பவேரிய மாநில அரசு அணை வேண்டாம் என்று முடிவெடுத்தது. நடுவில் டெகன்டோர்ஃப் பக்கம் ஆல்ப்ஸிலிருந்து வரும் ஈஸார் ஆறு கலக்கிறது. நான் அங்கே போன சமயம் மேலே மழை. தண்ணீர் கலங்கி, ஒரு முழம் ஏறி, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு படகு கிளப்பின் புல்தரையில் கூடாரம் போட்டேன். ஜெர்மனியில் இது ஒரு நல்ல வழக்கம். ஆற்றோடு போகிறவனுக்குக் கிளப்புகள் சில யூரோவுக்கு இடமும் வெந்நீரும் தரும். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். எங்கிருந்து வருகிறாய் என்றார். உல்ம் என்றேன். இல்லை, அதற்கு முன்னால் என்றார். இந்தியா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இதிலேதானா?" என்று படகைக் காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஷ்பெக் கதையை நான் சொல்ல, அவர் இன்னொரு பீர் எடுத்துவந்தார். எழுந்து போகும்போதுதான் சொன்னார்: "நாளைக்கு நடு ஆற்றில் துடுப்பை எடுத்துவிட்டுப் படகின் அடியில் காது வைத்துக் கேள். கல் நடந்துகொண்டிருக்கும்."

மறுநாள் காலை முன்னும் பின்னும் கப்பல் இல்லாத நேரம் பார்த்து நடு ஆற்றுக்கு வந்தேன். துடுப்பை மேலே தூக்கி வைத்தேன். குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே, படகின் வயிற்றிலிருந்து, சன்னமாக ஒரு சரசரப்பு. சொளவில் அரிசி புடைக்கிற சத்தம். வீட்டில் அம்மா பின்வாசலில் உட்கார்ந்து புடைக்கும்போது அடுக்களைவரை கேட்குமே, அதே ஏற்ற இறக்கம், அதே நடுநடுவே ஒரு நிறுத்தம். நாலைந்து மீட்டர் ஆழத்தில் மணலும் சரளையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு உருள்கின்றன. தண்ணீர் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்க, மெல்லிய படகுத் தட்டு மத்தளத் தோல் மாதிரி அதிர்ந்து பெரிதாக்குகிறது. அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு மணி நேரம் துடுப்பே போடவில்லை. படகு தன்பாட்டில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருந்தது.

முதல் வாரம் இந்தச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேங்கின தண்ணீருக்குக் கல்லை உருட்டத் தெம்பு கிடையாது. மேலேயிருந்து உருண்டு வருவதெல்லாம் அணைக்குப் பின்னால் படிந்து அப்படியே உட்கார்ந்துவிடும்.

அன்று மாலை சந்தோஷத்தில் ஒரு சரளைத் திட்டிலேயே சமையல். ஆம், குக்கர் கொண்டுபோயிருந்தேன். இரண்டு லிட்டர் அலுமினியக் குக்கர். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள், கேட்கவில்லை. பருப்பு சாதம் மூன்று விசில் விட்டபோது அக்கரைச் சைக்கிள் பாதையில் போன தம்பதி இறங்கி நின்று பார்த்தார்கள். ஆவி அடங்கட்டும் என்று குக்கரைத் தண்ணீரோரம் ஈரச் சரளையில் வைத்துவிட்டு ஊறுகாய் தேடினேன். பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று தாண்டிப் போனது. அலை வரும் என்று படகைத்தான் பார்த்தேன். அலை வரவில்லை. நேர்மாறாக, கரையோரத் தண்ணீர் நாலு மீட்டர் உள்ளே போய், ஆற்றின் தரை பளபளவென்று தெரிந்தது. கப்பல் தன் அடியில் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது என்று புரிவதற்குள் போனதெல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. படகைப் பிடித்துவிட்டேன். குக்கர் கிளம்பிவிட்டது. மூடி போட்டு, வெயிட்டும் தலையில் இருக்க, கொஞ்சம் சாய்ந்தபடி ஓட்டத்தின் நடுவில் கம்பீரமாகப் போனது. பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கும்போதே நூறு மீட்டர் தாண்டியிருந்தது. கருங்கடல்வரை போயிருக்கும் என்று பிறகு மகளிடம் கதை விட்டேன். உண்மையில் பாஸாவுக்கு மேலே காஹ்லெட் அணையில் நின்றிருக்கும். இந்த ஆற்றில் எதுவும் ரொம்ப தூரம் போவதில்லை.

பாஸாவுக்கு மனைவியும் மகளும் ரயிலில் வந்திருந்தார்கள். மனைவி ஒரு சாதாரணப் பாத்திரம் வாங்கிவந்திருந்தாள். கொடுக்கும்போது ஒன்றுமே சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். மகள் கட்டிப்பிடிக்க வந்தவள் பாதியில் நின்று, "அப்பா, உங்க மேல பாசி நாத்தம் வருது" என்றாள். மூவரும் முக்கூடல் முனைக்கு நடந்தோம். டான்யூப், இன், இல்ட்ஸ் என்று மூன்று ஆறுகள் சேரும் இடம். பவேரியக் காட்டுச் சதுப்பிலிருந்து வரும் இல்ட்ஸ் காப்பி டிகாக்ஷன் நிறம். பனிமலையிலிருந்து வரும் இன் சாம்பல் கலந்த பச்சை, பால் மாதிரி கலங்கல். டான்யூப் இரண்டுக்கும் நடுவில் ஒரு பழுப்பு. மூன்றும் ரொம்ப தூரத்துக்குக் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. சராசரியாகப் பார்த்தால் இன் கொண்டுவரும் தண்ணீர் டான்யூபைவிட அதிகம். பெயர் மட்டும் டான்யூபுக்கு. நகரசபைக் கோபுரத்தில் வெள்ளக் குறிகள் வரிசையாக இருக்கின்றன. 2013 ஜூனில் 12.89 மீட்டர், 1501க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. என் தலைக்கு வெகு மேலே இருந்தது அந்தக் கோடு.

மறுநாள் பச்சைத் தண்ணீருக்குள் கை விட்டேன். விறைத்தது.

ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் மறுபடி மாடிப்படி. இந்த முறை படிகள் பெரியவை. யோகன்ஷ்டைன், ஆஷாக், ஓட்டன்ஸ்ஹைம் என்று வரிசை. ஷ்லோகன் பக்கம் ஆறு மலையைச் சுற்றிக் கிட்டத்தட்ட வந்த வழிக்கே திரும்பும், படங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மேலேயிருந்து பார்க்க அற்புதம். தண்ணீரிலிருந்து பார்த்தால் எப்பக்கம் திரும்பினாலும் எதிர்க்காற்று. க்ரைன் ஊருக்குக் கீழே ஒரு இடம் ஒரு காலத்தில் டான்யூபிலேயே பயங்கரமானது. பாறையும் சுழியுமாகப் படகுகளை விழுங்கிய இடம். உல்ம் பெட்டிப் படகுகளில் போன குடும்பங்கள் இங்கே ஜெபம் செய்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். 18ஆம் நூற்றாண்டிலிருந்து பாறைகளை வெடிவைத்து உடைத்தார்கள். மிச்சத்தை 1959இல் முடிந்த இப்ஸ்-பெர்ஸன்பாய்க் அணையின் நீர்த்தேக்கம் மூடியது. நான் அந்த இடத்தைக் கடந்தபோது வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். கடந்துவிட்டேன் என்பதே கரையில் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ரேகன்ஸ்புர்க்கில் தோல் உரிந்த முழங்கைக்காரன் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். ஏனோ ஏமாந்த மாதிரி இருந்தது.

மெல்க் அணைக்குக் கீழே வாஹாவ் பள்ளத்தாக்கு. திரும்பவும் ஓட்டம், க்ரெம்ஸ் வரை. படிக்கட்டுத் திராட்சைத் தோட்டம், ஆப்ரிகாட் பழ மரங்கள், இங்கிலாந்து அரசன் ரிச்சர்டைச் சிறைவைத்த டூர்ன்ஷ்டைன் கோட்டை எல்லாம் இருக்கின்றன, எல்லோரும் எழுதியும் இருக்கிறார்கள். நான் அரைநாள் செலவழித்தது ஷ்பிட்ஸ் ஊர்ப் பரிசல்துறையில். இக்கரைக்கும் அக்கரைக்கும் உயரத்தில் ஒரு எஃகுக் கம்பி. அதில் ஓடும் உருளையிலிருந்து தொங்குகிற கயிற்றில் பெரிய தட்டைப் படகு. கார்கூட ஏறும். ஆனால் கரைக்குக் கரை கொண்டுபோக எஞ்சின் வேண்டாம். ஓட்டுநர் சுக்கானைத் திருப்பிப் படகை ஓட்டத்துக்குச் சாய்வாக நிறுத்துகிறார். தண்ணீர் படகின் பக்கவாட்டில் மோதி அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. திரும்பிவரச் சாய்வை மாற்றினால் போதும். சத்தம் இல்லை, புகை இல்லை. நான் நாலு தடவை போய்வந்தேன். ஐந்தாம் தடவை அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். கீழே ஒரு அணை வந்து தண்ணீர் தேங்கினால் இந்தப் படகு வெறும் மேடையாக நின்றுவிடும். இங்கேயும் அணைத் திட்டம் இருந்தது, ஊர்க்காரர்கள் எதிர்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வாஹாவில்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன். சத்தம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "எம்மா, இதைக் கேளு" என்று போனைப் படகின் தரையோடு அழுத்திப் பிடித்தேன். ஒரு நிமிஷம் கழித்து எடுத்து, "கேட்டியா?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல. காத்துதான் இரையுது. எய்யா, நீ நடு ஆத்துல வச்சா போன் பேசுத?"

வைத்துவிட்டாள்.

க்ரெம்ஸ் தாண்டினால் திரும்பத் தேக்கம். ஆல்டன்வோர்த் அணைக்குக் கீழே வலது கரையில் ஸ்வென்டன்டோர்ஃப் அணு உலை. சாம்பல் நிறப் பெட்டிக் கட்டடம், உயரமான புகைபோக்கி. முழுக்கக் கட்டி முடித்த உலை, ஒருநாள்கூட ஓடவில்லை. 1978 நவம்பர் 5 அன்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. வேண்டாம் என்றவர்கள் 50.5 சதவீதம். அதோடு பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் படகை நிறுத்தி வெகு நேரம் பார்த்தேன். இடிந்தகரையில் சொந்தக்காரர்கள் இருக்கிறவன் நான். எங்கள் பக்கம் யாரும் எங்களிடம் ஓட்டு கேட்கவில்லை. கட்டிய காசு வீணாச்சே என்று எனக்குள் இருக்கும் எஞ்சினியர் முனகியதையும் மறைக்க விரும்பவில்லை.

வியன்னாவை மத்தியான வெயிலில் கடந்தேன். வெள்ளத்துக்காக வெட்டிய தனிக் கால்வாய், வெட்டிய மண்ணைக் கொட்டி உண்டான 21 கிலோமீட்டர் தீவு, அதன் கரை முழுக்கக் குளிக்கிற சனம். ஊரின் கீழ்க்கோடியில் ஃப்ராய்டனாவ் அணை, 1998இல் முடிந்தது. என் தள்ளுவண்டிக்கு அதுதான் கடைசி. இடது சக்கரம் அதற்கு முன்பே சாகக் கிடந்தது. பாதித் தூரம் வண்டியை நான் இழுத்தேன், மீதி தூரம் சுமந்தேன்.

அணைக்குக் கீழே ஒரு கப்பல் நின்றிருந்தது. வயிறு நிறையச் சரளை. பக்கத்தில் போக மனமில்லாமல் கரையோரம் ஒதுங்கிப் பார்த்தேன். கப்பல் மெதுவாக நடு ஆற்றுக்கு வந்து அந்தச் சரளையைத் தண்ணீருக்குள் கொட்டிவிட்டுப் போனது. கரையில் தூண்டில் போட்டிருந்தவரிடம் கேட்டேன். அவருக்கு இது பழகிப்போன காட்சி. மேலே இத்தனை அணைகளும் கல்லைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கீழே ஓடுகிற ஆற்றுக்குக் கல் வருவதில்லை. பசித்த தண்ணீர் தன் தரையையே அரித்துத் தின்கிறது, ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீதம். தரை இறங்கினால் நிலத்தடி நீர் இறங்கும், கரைக்காடு காயும். அதனால் மின் நிறுவனமே வருஷா வருஷம் கப்பலில் கொண்டுவந்து கொட்டவேண்டியிருக்கிறது.

கடைசி இரண்டு நாள் அந்தக் காட்டுக்கு நடுவில்தான் போனேன். இங்கேயும் ஹைன்புர்க்கில் ஒரு அணை வருவதாக இருந்தது. 1984 மே மாதம் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் மான், பறவை என்று வேடம் போட்டுக்கொண்டு பத்திரிகையாளர் கூட்டம் நடத்தினார்கள், விலங்குகளின் கூட்டம் என்று. ஊர் சிரித்தது. டிசம்பரில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் உறைபனியில் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் தடியடி, ரத்தம். கிறிஸ்துமஸுக்கு முன் அரசு வேலையை நிறுத்தியது. 1996இல் அது தேசியப் பூங்கா ஆனது. வெள்ளைவால் கழுகு ஒன்று எனக்கு முன்னால் கிளைக்குக் கிளை மாறி உட்கார்ந்துகொண்டே வந்தது. என்னைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. நான் பின்தொடர்வதுதான் அதற்கு எரிச்சல் போல.

ஹைன்புர்க் கோட்டை தெரிந்ததும் துடுப்பை எடுத்துவிட்டேன். சத்தம் இருந்தது. டெகன்டோர்ஃபைவிடக் கொஞ்சம் கனமாக, அரிசி போய் உளுந்து வந்த மாதிரி. இதில் எது தானாக வந்த கல், எது கப்பலில் வந்த கல் என்று காதுக்குத் தெரியவில்லை. ஓட்டம் கரைக்குக் கொண்டுபோய்விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1,884 பலகையைத் தவறவிட்டுவிட்டேன். அதைத் தாண்டிக் கரையேறித் திரும்ப நடந்து வந்துதான் படம் எடுத்தேன்.

படகு ஒரு வாரம் கழித்து, கிளப் நண்பர் ஒருவரின் வேனில், உல்முக்கு வந்து சேர்ந்தது. கவிழ்த்துப்போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். இருக்கைக்குப் பின்னாலிருந்து மூன்று கூழாங்கற்கள் விழுந்தன. ஹைன்புர்க் திட்டில் காலோடு ஏறியவையாக இருக்கும். இரண்டு சாம்பல் நிறம், ஒன்று வெள்ளை, எல்லாம் முட்டை மாதிரி வழவழப்பு. படகை விற்ற பெரியவர் வெள்ளையை எடுத்துப் பார்த்துவிட்டு, கிளப் துறையிலிருந்து ஆற்றுக்குள் எறிந்தார். மற்ற இரண்டையும் நானும் எறிந்தேன்.

"அங்கேயேதான் கிடக்கும்" என்றார் அவர். கீழே சில கிலோமீட்டரிலேயே அணை.